பிடிக்கச் சொன்ன கால்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கு உற்சாகம் தருகிற மாதிரி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. அடுத்தவர் முட்டியை மடக்கி நீட்டியே என் முட்டி போய்விட்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்க எனக்கே கொஞ்சம் உற்சாகம் தேவைப்படுகிறது. உங்களுக்கு எடுத்துக் கொடுக்க மிச்சம் எதுவும் இல்லை.

தஞ்சாவூரில் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே எலும்பு வார்டு, முப்பத்திரண்டு வருடம். நல்ல கதைகளும் உண்டு. கைத்தடி இல்லாமல் பிரகாரம் சுற்றினேன் என்று பிரசாதப் பொட்டலத்தோடு வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். அதெல்லாம் உங்களுக்கும் தானாக நடக்கும், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. அது எந்தக் கேஸ் ஷீட்டிலும் இல்லை. நான் சொன்னால்தான் உண்டு.

அது புதுசில் செய்த தப்பும் இல்லை. அப்போது எனக்கு இருபத்தைந்து வருட சர்வீஸ். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

கலியமூர்த்தி, வலங்கைமான் பக்கத்து விவசாயி. ஐம்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வயதிலிருந்து வலிப்பு உண்டு. இந்த நோயை மறைக்கிறவர்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம். இவர் விஷயத்தில் ஒளிவு மறைவே இல்லை. ஊருக்கே தெரியும். வயலில் விழுந்தால் பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் ஓடி வருவார்கள். இரண்டு பேர் காலைப் பிடிப்பார்கள், இரண்டு பேர் கையை அமுக்குவார்கள், ஒருவர் அரிவாள் பிடியையோ சாவிக்கொத்தையோ உள்ளங்கையில் திணிப்பார். வலிப்பு நின்றதும் டீ வாங்கிக் கொடுத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். முப்பது வருடமாக அந்த ஊர் அவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டது.

ஒரு புரட்டாசியில் சம்பா நடவின்போது வரப்பில் நின்றவர் வலிப்பு வந்து சரிந்தார். யாரும் பிடிப்பதற்குள் இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. விழுந்த உயரம் ஒன்றும் பெரிதில்லை, கீழே சேறுதான். ஆனால் முப்பது வருடம் வலிப்பு மாத்திரை சாப்பிட்ட எலும்பு அது. அந்த மாத்திரைகளில் சில எலும்பை மெல்ல மெல்ல அரிக்கும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. வலிப்புக்குப் பார்த்த டாக்டர் வலிப்பைப் பார்த்தார். நாங்கள் எலும்பைப் பார்த்தோம். இரண்டும் ஒரே ஆளுக்குள்தான் இருக்கிறது என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

மனைவி பெயர் வசந்தா. ஒரே பையன் சிங்கப்பூரிலிருந்து வந்து, ஆபரேஷன் முடிகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போனான். அதன் பிறகு எல்லாம் வசந்தாதான்.

இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். கிண்ணத்துக்குள் பந்து, பந்திலிருந்து தொடை எலும்புக்குள் இறங்குகிற ஒரு கம்பி. அதற்குப் பிறகு என்ன சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும். தரையில் உட்காராதே, கால் மேல் கால் போடாதே, குனிந்து எதையும் எடுக்காதே, காலை உள்பக்கம் திருப்பாதே. திருப்பினால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவிவிடும். இப்போது நீங்கள் படம் போட்ட தாள் கொடுக்கிறீர்கள். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எங்கள் காலத்தில் தாள் இல்லை. அதனால் அழுத்தி அழுத்திச் சொல்வோம். பத்து சொன்னால் இரண்டு செய்வார்கள் என்று ஒரு கணக்கு.

வசந்தா பத்தையும் செய்தாள்.

நான் சொன்ன ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே ஊருக்கு ஒரு நடை போய், கட்டில் காலுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்திவிட்டு வந்தாள். இரண்டு காலுக்கும் நடுவே வைக்கிற தலையணை நழுவுகிறது என்று பழைய வேட்டியைக் கிழித்து நாடா தைத்துக் கட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் வசந்தாவைக் காட்டி, "பாருங்க, இப்படி இருக்கணும்" என்றுகூடச் சொன்னேன்.

கிளம்புகிற அன்று அவள் கேட்டாள்.

"மேடம், எல்லாத்துலயும் ரொம்ப முக்கியமானது எது? ஒண்ணு சொல்லுங்க. அத மட்டும் மறக்காம வச்சுக்குறேன்."

நான் கலியமூர்த்தியின் தொடையில் கை வைத்துச் சொன்னேன்: "என்ன நடந்தாலும் இந்தக் கால் உள்பக்கம் திரும்பக் கூடாது. என்ன நடந்தாலும்."

இரண்டு தடவை சொன்னேன். இவருக்கு வலிப்பு உண்டு என்று எனக்குத் தெரியும். வயலில் நாலு பேர் அமுக்கிப் பிடித்த கதையை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். காலையில் வாக்கர் பிடித்து நடந்து முடித்து, கட்டிலில் படுத்த பிறகு வலிப்பு வந்திருக்கிறது. விழவில்லை. கட்டிலில்தான் கிடந்தார். எக்ஸ்ரேயில் தொடை எலும்பு, உள்ளே இறங்கியிருந்த கம்பி முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, முறுக்கிப் பிழிந்தது மாதிரி சாய்வாக உடைந்திருந்தது.

அவசரப் பிரிவு வாசலில் வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் மேடம். வலிப்பு வெட்ட ஆரம்பிச்ச உடனே கால் மேல ஏறி உக்காந்துட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பிய சத்தம் போட்டுக் கூப்ட்டு பாதத்தப் புடிக்கச் சொன்னேன். ஒரு இம்மி உள்ள திரும்ப விடல. அப்புறமும் எப்படி மேடம்? நான் இன்னும் கெட்டியா புடிச்சிருக்கணுமோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலிப்பில் உடம்பு தன் பலம் முழுவதையும் ஒரே நேரத்தில் இழுக்கும். விட்டுவிட்டால் கால் அதுபாட்டுக்கு உதறி அடங்கிவிடும். பாதத்தை ஒருவர் ஒரு பக்கம் திருப்பிப் பிடித்து, தொடை மேல் இன்னொருவர் உட்கார்ந்து, உள்ளே தசை மறுபக்கம் முறுக்கினால், நடுவில் இருக்கிற மெலிந்த எலும்பு எங்கே போகும்? அதுவும் இரும்பு முடிந்து எலும்பு தொடங்குகிற இடத்தில்?

"டாக்டர் பாத்துக்குவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

எங்கள் பெரிய டாக்டர் நல்ல மனிதர். வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அவரிடம்தான். அவர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். நான் சொன்ன அந்த வாக்கியத்தையும் சொன்னேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"புடிச்சதால ஒடஞ்சிருக்கலாம். புடிக்காமயும் ஒடஞ்சிருக்கலாம். வெறும் வலிப்புலயே தோள்பட்ட ஒடஞ்சு வந்தவங்கள நானே பாத்திருக்கேன். இதுல யாருக்கு என்ன தெரியும்?" என்றார். "அந்தம்மா ஏற்கெனவே நொந்து போயிருக்கு. நீதான் ஒடச்சன்னு போய்ச் சொல்லப் போறீங்களா? விடுங்கம்மா."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. அந்தம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். கேஸ் ஷீட்டில் "வலிப்பு, அதைத் தொடர்ந்து எலும்பு முறிவு" என்று ஏறியது. மறுநாள் ஆபரேஷன் செய்து, நீளமாக ஒரு பிளேட் வைத்துக் கம்பியால் சுற்றிக் கட்டினார்கள்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாள் காலை. டிபன் தட்டுகளை எடுத்துக்கொண்டு போகிற நேரம். நான் கலியமூர்த்தியின் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே அசைத்தார், கீழே அசைத்தார், மறுபடி மேலே போன பாதம் அப்படியே நின்றுவிட்டது. முகத்தைப் பார்த்தேன். கண் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"சிஸ்டர்!" என்று நான் கத்தியதற்கும் வசந்தா கட்டில் மேல் பாய்ந்ததற்கும் இடையில் ஒரு நொடிகூட இல்லை. வேட்டி நாடாவோடு அந்தத் தலையணை தயாராகவே இருந்தது. அதைத் தூக்கி நடுவில் திணித்துவிட்டு, இரண்டு கையாலும் தொடையைக் கட்டிக்கொண்டு முழு எடையோடு சாய்ந்துவிட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரரின் அண்ணன் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார்.

எனக்கும் அந்தக் காலைத்தான் பிடிக்க வேண்டும் போல இருந்தது. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். மூன்று நாள் ஆன தையல், உள்ளே புது பிளேட், ஸ்குரு. இருபத்தைந்து வருடம் காலைக் காப்பாற்றிப் பழகிய கை அது. காலை விட்டுவிடு என்று தலை சொல்கிறது, கை கேட்கவில்லை. நானும் ஒரு கையால் முழங்காலைப் பற்றிவிட்டேன். விரலுக்கு அடியில் தசை கல்லாகி ஒரு பக்கமாக முறுக்கத் தொடங்கியது. அதை உணர்ந்த பிறகுதான் விட்டேன்.

விட்ட கையால் வசந்தாவை இடுப்போடு சேர்த்து இழுத்தேன்.

"விடுங்க! கால விட்டுடுங்க!"

"திரும்பிடும் மேடம்! உள்ள திரும்பிடும்!"

"திரும்பட்டும். விடுங்க!"

"நீங்கதான மேடம் புடிக்கச் சொன்னீங்க!"

வார்டு முழுவதும் கேட்டது. அவள் விடவில்லை. வயல் வேலை பார்த்த கை. நான் கட்டிலில் ஒரு காலை ஊன்றித்தான் அவளைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேருமாகத் தரையில் விழுந்தோம். நான் அவளை விடாமல் கட்டிக்கொண்டு, சிஸ்டரைப் பார்த்துக் கட்டிலின் பக்கத் தடுப்புக் கம்பியைத் தூக்கச் சொன்னேன், தலையை ஒரு பக்கம் சாய்க்கச் சொன்னேன், சாவிக்காரரைத் தள்ளி நிற்கச் சொன்னேன். கட்டில் மேல் அந்தக் கால் உதறியது. நானும் வசந்தாவும் தரையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிஸ்டர் ஊசி போட்டாள். எல்லாம் ஒன்றரை நிமிடம் இருக்கும். என் வாழ்க்கையில் நான் எதையும் செய்யாமல் இருந்த நேரங்களில் அதுதான் கஷ்டமான நேரம்.

மறு எக்ஸ்ரேயில் பிளேட் அசையவில்லை. அதை வைத்து நான் எதையும் நிரூபிக்க வரவில்லை. அசைந்தும் இருக்கலாம்.

வராந்தாவில் வசந்தா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். முந்தானை கிழிந்திருந்தது. நான் இழுத்ததில் கிழிந்தது.

"ஒண்ணு கேக்கறேன் மேடம். நேரா பதில் சொல்லுங்க. அப்ப போன தடவ நான் புடிச்சதுலதான் ஒடஞ்சுதா?"

பெரிய டாக்டர் கொடுத்த பதில் என் வாயில் தயாராக இருந்தது. வலிப்பிலேயே உடையும்மா, உங்கமேல ஒண்ணும் இல்ல. சொன்னால் அவள் நிம்மதியாக ஊருக்குப் போவாள். அடுத்த தடவை வலிப்பு வரும்போது, வராமல் இருக்காது, அதே நிம்மதியோடு ஏறி உட்கார்ந்து இன்னும் கெட்டியாகப் பிடிப்பாள். அந்தக் காலில் இன்னொரு தடவை உடைய எலும்பு மிச்சம் இல்லை. இனிமேல் உடைந்தால் கலியமூர்த்தி எழுந்து நடப்பது சந்தேகம்.

"இருக்கலாம் வசந்தா," என்றேன். "புடிக்காமலே ஒடஞ்சும் இருக்கலாம். உறுதியா சொல்ல யாராலயும் முடியாது. ஆனா புடிச்சது தப்பு. அந்தத் தப்பு உங்களோடது இல்ல. என்ன நடந்தாலும்னு சொல்லி அனுப்புனது நான். வலிப்பு வந்தா மட்டும் கையே வைக்கக் கூடாதுன்னு சேத்துச் சொல்லியிருக்கணும். சொல்லல."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இது உங்களுக்கு என்னிக்குத் தெரியும்?"

"எக்ஸ்ரே பாத்த அன்னிக்கே."

"அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னிக்கு நான் ஏறி அமுக்கியிருக்க மாட்டனே. நாலு நாளா இந்த வாசல்லயே உக்காந்துருக்கேன். கெட்டியா புடிக்கல, கெட்டியா புடிக்கலன்னு என்னை நானே அறுத்துக்கிட்டு. நீங்களும் தெனம் வந்து கால ஆட்டிட்டுப் போனீங்க. ஒரு வார்த்த சொல்லல."

கிழிந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே வார்டு இன்சார்ஜிடம் போய், வேறு மேடத்தை அனுப்பச் சொல்லிவிட்டாள். சரியாகத்தான் செய்தாள். என் ஜூனியர் பெண் போனாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினேன். வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வசந்தாவுக்கு அவள்தான் கற்றுக்கொடுத்தாள். கம்பி, கட்டை எதிலும் இடிக்காமல் இரண்டு பக்கமும் தலையணை வை, தலையை ஒருக்களி, கடிகாரம் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு, நின்ற பிறகு கால் எப்படி இருக்கிறது என்று பார். அதுவரைக்கும் தொடாதே.

நான் அந்த வார்டு வழியாகப் போகும்போதெல்லாம் கலியமூர்த்தி மட்டும் கையைத் தூக்குவார். ஒரு நாள் வசந்தா இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மேடம், அவ கோவக்காரி. மனசுல வச்சுக்காதீங்க. எம் மேலயும் ஒரு தப்பு இருக்கு. தூக்கக் கலக்கத்தோட வாக்கரப் புடிக்காதீங்கன்னு நீங்க சொன்னீங்கல்ல? காலம்பற மாத்திர போட்டா எனக்குத் தூக்கம் தூக்கமா வரும். அதான் நடக்குற அன்னிக்கெல்லாம் காலம்பற மாத்திரய விட்டுட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதுவும் நான் சொன்னதுதான். புருஷனும் பெண்டாட்டியும் போட்டி போட்டுக்கொண்டு என் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். அன்றே அவருடைய வலிப்பு டாக்டருக்குப் போன் செய்தேன். எங்கள் டாக்டரும் அவரும் பேசினார்கள். மாத்திரையை மாற்றினார்கள், எலும்புக்கும் மருந்து தொடங்கினார்கள். முதல் ஆபரேஷனுக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய ஒரு போன்.

சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்கள் என்று நாம் வாழ்நாள் முழுக்கப் புலம்புகிறோம். கேட்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் அவ்வளவு அழுத்திச் சொல்கிறோம். அப்படியே கேட்கிற ஒருவர் வந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. நீங்கள் யோசியுங்கள். வலிப்பு இருக்கிறவருக்கு மூட்டு மாற்றினால், அந்த வீட்டில் இதுவரை வலிப்பு வந்தபோது யார் எங்கே பிடித்தார்கள் என்று கேளுங்கள். பிடிக்கிறவரை உட்கார வைத்துப் பேசுங்கள். அதற்குப் பிறகு காலைப் பற்றிச் சொல்லுங்கள்.

மாசி மாதம், அறுவடை முடிந்த சமயம், கலியமூர்த்தி செக்கப்புக்கு வந்தார். வாக்கரில்தான், ஆனால் தானாக நடந்து வந்தார். நான் வராந்தாவின் மறு கோடியில் இருந்தேன். ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் திரும்பினேன். வசந்தா கூப்பிட்டாள்.

"மேடம்."

போனேன். முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. சௌக்கியமா என்றெல்லாம் கேட்கவில்லை.

"பொங்கல் முடிஞ்சு மூணாம் நாளு வந்துச்சு. வீட்டுல யாரும் இல்ல, நான் மட்டும்தான். கட்டில்ல படுத்திருந்தாங்க."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிசம். கடியாரம் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். தலகாணி வச்சேன். தலைய சாச்சேன்."

"கால்?"

"தொடல. அந்தக் கால் திரும்பிச்சு மேடம். என் கண்ணு முன்னாடியே உள்ள திரும்பிச்சு. தொடல. அப்புறம் அதுவா நேரா வந்துடுச்சு. இப்ப படம் புடிச்சுப் பாத்துட்டு நல்லாருக்குன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"எப்படி வசந்தா இருந்தீங்க, புடிக்காம?"

அவள் இடது கையிலிருந்த வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டு, மணிக்கட்டை என் பக்கம் நீட்டினாள். வலது கை நகங்கள் நாலும் பதிந்த இடத்தில், ஒரு மாதம் கழிந்தும் கறுப்பாக நாலு தழும்பு இருந்தது.